பட்டனை அமுக்காமலே ஓடிய எண்: பேசிஸ் 3 போர்டில் ஒரு நாள்

"சார், நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு நல்லா ஓடிச்சு. இப்ப பட்டனை அமுக்காமலே நம்பர் தானா ஏறுது. பதினொன்றரைக்கு ரிவ்யூ சார்."

காலை 9.15-க்கு வந்த அழைப்பு. பேசியவர் பொறியியல் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு மாணவர். நான் அங்கே வேலை பார்ப்பவன் இல்லை. அவர்களுடைய வழிகாட்டி என்னோடு படித்தவர்; போர்டு மக்கர் செய்தால் பிள்ளைகளை என் பக்கம் தள்ளிவிடுவார். அன்று மாலை வரை நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். முதல் தவறான முடிவைச் சொன்னவன் நான்தான் என்பதையும் சேர்த்தே.

போர்டு, டிஜிலென்ட்டின் பேசிஸ் 3. அதில் உள்ள எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றை நாமே எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்), சைலிங்க்ஸின் ஆர்ட்டிக்ஸ்-7 குடும்பத்து 35டி. சைலிங்க்ஸ் 2022 முதல் ஏஎம்டியின் கையில் இருக்கிறது. ஆய்வகத்தில் இன்னும் யாரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், 16 சுவிட்ச், 16 எல்ஈடி, 5 பட்டன், நான்கு இலக்க ஏழு-துண்டு டிஸ்ப்ளே. பிள்ளைகள் சுற்றை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் எழுதி, சைலிங்க்ஸின் மென்பொருளான விவாடோவில் கம்பைல் செய்திருந்தார்கள். முதல் ரிவ்யூவுக்குக் காட்ட வேண்டியது சின்ன விஷயம்தான்: நடுப் பட்டனை ஒரு தரம் அமுக்கினால் டோக்கன் எண் ஒன்று கூட வேண்டும். 0000, 0001, 0002. அவ்வளவுதான்.

பட்டன் அமுக்காமல் எண் ஏறுகிறது என்றதும் எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. பட்டனின் உலோகத் தகடு ஒட்டும்போது சில மில்லிசெகண்டுகள் துள்ளும்; ஒரு அமுக்கு பத்து அமுக்காகத் தெரியும். இதைத் தடுக்க, பட்டன் நிலை கொஞ்ச நேரம் மாறாமல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்வோம். "டிபவுன்ஸ் எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்றேன். "20 மில்லிசெகண்ட் சார்." "ஐம்பதாக்கிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இதில் இரண்டு தப்பு. முதலாவது, துள்ளல் என்றால் அமுக்கும்போது எண் தாவும். யாரும் தொடாத பட்டன் துள்ளாது. மாணவர் சொன்ன வாக்கியத்தில் "அமுக்காமலே" என்ற சொல் இருந்தது. அதை நான் காதில் வாங்கவில்லை. இரண்டாவது தப்பு அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்தது.

10.10-க்கு மறுபடி அழைப்பு. "சார், மாத்தி டம்ப் பண்ணியாச்சு. இப்ப 0000-லயே நிக்குது. அமுக்கினாலும் நகர மாட்டேங்குது."

டம்ப் என்றால் எழுதியதைச் சிப்பில் ஏற்றுவது. 100 மெகாஹெர்ட்ஸில் 20 மில்லிசெகண்ட் என்றால் 20,00,000 துடிப்புகள். அதை எண்ண 21 பிட் ரெஜிஸ்டர் போதும். அது 20,97,151 வரை போகும். 50 மில்லிசெகண்டுக்கு 50,00,000 துடிப்புகள் வேண்டும், 23 பிட் வேண்டும். அவசரத்தில் மாறிலியை மட்டும் மாற்றியிருந்தார்கள். ரெஜிஸ்டர் 21 பிட்டாகவே இருந்தது. அந்த ரெஜிஸ்டர் என்றைக்கும் 50,00,000-ஐத் தொடாது, ஆகவே பட்டன் என்றைக்கும் ஏற்கப்படாது. பயன்படாத பகுதிகளை நீக்கிவிட்டேன் என்று விவாடோ எச்சரிக்கை கொடுத்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகளுக்கு நடுவில் அதை யார் பார்ப்பார்கள்? நானும் பார்த்திருக்க மாட்டேன்.

ஆக, இல்லாத ஒரு பிழையைத் திருத்தப் போய் இருக்கும் ஒரு பிழையை உண்டாக்கிவிட்டோம். ரிவ்யூவுக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம்.

அப்போதுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். "காலையில நம்பர் தானா ஏறுச்சுன்னு சொன்னீங்களே, அதை வீடியோ எடுத்தீங்களா?" எடுத்திருந்தார்கள். வாட்ஸ்ஆப்பில் வந்தது, பதினேழு நொடி.

டிஸ்ப்ளேயில் 3333. பிறகு 4444. பிறகு 5555. நான்கு இலக்கத்திலும் ஒரே எண், நொடிக்கு ஒன்றாக, மெட்ரோனோம் வைத்தது போல. நடுவில் ஒரு விரல் வந்து ஓரப் பட்டன் ஒன்றை அமுக்கியது. ஓர் இலக்கம் மட்டும் அணைந்தது, விட்டதும் திரும்ப எரிந்தது. கீழே வரிசையில் ஒரு சுவிட்ச் மேலே தள்ளியிருந்தது. அதற்கு நேர் மேலே இருந்த எல்ஈடி எரிந்துகொண்டிருந்தது.

இவர்கள் எழுதிய வெரிலாக்கில் எல்ஈடிக்கு ஒரு வரி கூடக் கிடையாது. அது அவர்களுடைய வடிவமைப்பே இல்லை. டிஜிலென்ட் இந்த போர்டுக்காகவே வெளியிட்டிருக்கும் மாதிரி வடிவமைப்பு அது: நொடிக்கு ஒரு தரம் எண் கூடும், நான்கு இலக்கமும் ஒன்றாக ஓடும், பட்டன் அமுக்கினால் இலக்கம் அணையும், சுவிட்ச் போட்டால் எல்ஈடி எரியும். அது போர்டின் ஃப்ளாஷ் நினைவகச் சிப்பில் உட்கார்ந்திருந்தது. டோக்கன் காட்டியும் எண் காட்டும், மாதிரியும் எண் காட்டும், ஒரே டிஸ்ப்ளே. மாதிரியில் வெறும் விளக்குகள் மட்டும் மின்னியிருந்தால் எல்லோருக்கும் உடனே பொறி தட்டியிருக்கும்.

இரவு இரண்டு மணிக்கும் காலை ஒன்பதுக்கும் இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. லேப்டாப்பிலிருந்து போர்டைக் கழற்றி, பையில் போட்டு, ஹாலுக்குக் கொண்டுவந்து, மொபைல் சார்ஜரில் சொருகினார்கள்.

டம்ப் என்ற ஒரு சொல்

நம் ஆய்வகங்களில் எல்லாவற்றுக்கும் டம்ப்தான். 8051-ல் கோடை டம்ப் பண்ணு, ஆர்டுயினோவில் டம்ப் பண்ணு, எஃப்பிஜிஏ கிட்டில் டம்ப் பண்ணு. இந்தப் பழக்கம்தான் அன்றைய தவறுக்கு வேர் என்று நினைக்கிறேன். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே 32 கிலோபைட் ஃப்ளாஷ் இருக்கிறது. டம்ப் செய்தது அங்கே போய்ச் சேரும். மின்சாரம் போனாலும் அப்படியே இருக்கும். மூன்று வருஷம் அப்படிப் பழகிய கை, நான்காம் வருஷம் எஃப்பிஜிஏவிலும் அதையே எதிர்பார்க்கிறது.

ஆர்ட்டிக்ஸ்-7 அப்படி இல்லை. அதன் உள்ளே எந்தத் தர்க்க அட்டவணை எதைச் செய்ய வேண்டும், எந்தக் கம்பி எதோடு இணைய வேண்டும் என்பதையெல்லாம், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் எஸ்ரேம் செல்கள் வைத்திருக்கின்றன. விவாடோவில் 'ப்ரோகிராம் டிவைஸ்' கொடுத்தால் யுஎஸ்பி வழியாக, சிப்பில் நேரடியாக ஏற்றுவதற்கான ஜேடேக் கம்பிகளில் பிட் ஃபைல் (கம்பைல் செய்து கிடைக்கும் கோப்பு) இறங்கி நேராக அந்தச் செல்களில் உட்காரும். சில நொடிகளில் ஓடத் தொடங்கும். மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போச்சு. திரும்ப மின்சாரம் வந்ததும் சிப் வெறுமையாகத்தான் விழிக்கும். போர்டில் உள்ள ஜம்பர் (இடம் மாற்றிச் சொருகும் குட்டி இணைப்பு) எங்கே காட்டுகிறதோ அங்கே போய் ஒரு வடிவமைப்பைத் தேடும். அன்று காலை ஜம்பர் ஃப்ளாஷைக் காட்டிக்கொண்டிருந்தது. ஃப்ளாஷில் மாதிரி இருந்தது. போர்டு அதை எடுத்து ஓட்டியது.

எல்லா எஃப்பிஜிஏவும் இப்படி என்று சொல்லக் கூடாது. ஆல்டெராவின் மேக்ஸ் 10 வகையில் ஃப்ளாஷ் சிப்புக்குள்ளேயே உண்டு. அங்கேயும் அதற்கான மென்பொருளான குவார்ட்டஸ் இரண்டு விதக் கோப்பு தரும்: சோஃப் என்பது தற்காலிகம், போஃப் என்பது நிரந்தரம். கோப்பின் பெயரிலேயே வேறுபாடு தெரிந்துவிடும்.

போர்டில் 'டன்' என்று ஒரு சின்ன விளக்கு உண்டு. வடிவமைப்பு முழுதாக இறங்கினால் எரியும். அன்று காலையும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் "ப்ரோகிராம் உள்ளே இருக்கு, கோடுலதான் தப்பு" என்று முடிவு கட்டினார்கள். ஏதோ ஒரு சரியான வடிவமைப்பு உள்ளே இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்த விளக்கு சொல்லும். யாருடையது என்று சொல்லாது. "பிட் ஃபைல் கரப்ட் ஆயிருக்குமோ?" என்று ஒருவர் கேட்டார். அதற்கும் அந்த விளக்கே பதில்: கோப்போடு சரிபார்ப்பு எண் ஒன்றும் வருகிறது, அது ஒத்துவரவில்லை என்றால் விளக்கே எரியாது.

எந்த நகல்?

சரி, காரணம் தெரிந்துவிட்டது. ரிவ்யூவுக்கு ஃப்ளாஷில் எழுத நேரமில்லை. "லேப்டாப்போடவே உள்ளே போங்க. சார்ஜரை விடுங்க. லேப்டாப்ல சொருகி ராத்திரி ஓடின பிட் ஃபைலை ஏத்துங்க, கேபிளைக் கழட்டாதீங்க" என்றேன்.

"எந்த ஃபைல் சார்?"

நியாயமான கேள்வி. விவாடோ ஒவ்வொரு தரம் கம்பைல் செய்யும்போதும் அதே ஃபோல்டரில் அதே பெயரில் பிட் ஃபைலை எழுதிவிடும். இரவு ஓடிய ஃபைலின் மேல் நான் சொன்ன 50 மில்லிசெகண்ட் ஃபைல் ஏறி உட்கார்ந்துவிட்டது. வாட்ஸ்ஆப் குழுவிலும் பென்டிரைவிலுமாக மூன்று நகல்கள் கிடைத்தன. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நியூ ஃபைனல்'. அளவை வைத்துப் பிரிக்க முடியாது: சுருக்காத பிட் ஃபைல், வடிவமைப்பு சின்னதோ பெரிதோ, இந்தச் சிப்புக்கு எப்போதும் 1,75,36,096 பிட்தான், கிட்டத்தட்ட 2.2 மெகாபைட். டோக்கன் காட்டி சிப்பில் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை. ஆனால் கோப்பு சிப் முழுவதையும், காலி இடங்களையும் சேர்த்து, விவரிக்கிறது. நகலெடுத்தபோது கோப்பின் தேதியும் மாறிவிட்டிருந்தது.

இங்கே ஒரு பழைய வித்தை உதவியது. பிட் ஃபைலை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால், தொடக்கத்தில் படிக்கக்கூடிய எழுத்தில் ஒரு சிறு தலைப்பு இருக்கும்: வடிவமைப்பின் பெயர், விவாடோ பதிப்பு, சிப்பின் பெயர், கம்பைல் ஆன தேதி, நேரம். பிறகு எஃப்எஃப் பைட்டுகளாக ஒரு வரிசை, அப்புறம் ஏஏ 99 55 66 என்ற நான்கு பைட். அங்கிருந்துதான் சிப் கேட்கவே தொடங்கும். சற்றுத் தள்ளி 0362டி093 என்ற சிப்பின் அடையாள எண். வேறு சிப்புக்கான கோப்பைத் தவறிப் போட்டால் இங்கேயே மறுத்துவிடும். எங்களுக்கு வேண்டியது தலைப்பு மட்டும். ஒன்றில் முந்தைய நாள் மாலை 6 மணி, ஒன்றில் காலை 9.50, 'ஃபைனல் 2' என்பதில் 01:47. அதுதான்.

11.40-க்கு உள்ளே போனார்கள். டோக்கன் எண் ஒழுங்காக ஏறியது. "இதுக்கு எதுக்குப்பா லேப்டாப்?" என்று ரிவ்யூ குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லையாம்.

மதியம்: ஃப்ளாஷில் எழுதியது

இரண்டு மணிக்கு நானே நேரில் போனேன். போர்டைச் சொருகினால் விவாடோவுக்கு எதுவும் தெரியவில்லை. பத்து நிமிஷம் போனது. சொருகியிருந்தது மொபைல் சார்ஜர் கேபிள். மின்சாரம் மட்டும் போகும், டேட்டா கம்பி கிடையாது. கேபிளை மாற்றியதும் வந்தது.

இப்போது வேலை முறை வேறு. பிட் ஃபைல் உண்டாக்கும் இடத்திலேயே ஃப்ளாஷுக்கான பின் (.bin) ஃபைலும் வேண்டும் என்று டிக் செய்ய வேண்டும். பிறகு ஹார்ட்வேர் மேனேஜரில் எஃப்பிஜிஏ பெயர் மேல் வலது கிளிக், கான்ஃபிகரேஷன் மெமரி சேர், பட்டியலில் ஃப்ளாஷ் சிப்பைத் தேர்ந்தெடு. பிள்ளைகள் யூட்யூபில் பார்த்தபடி ஸ்பான்ஷன் எஸ்25எஃப்எல்032 என்று கொடுத்தார்கள். விவாடோ சிப்பின் அடையாளத்தைப் படித்துப் பார்த்து, இது அது இல்லை என்று நின்றுவிட்டது. பழைய பேசிஸ் 3 போர்டுகளில் ஸ்பான்ஷன், புதியவற்றில் மேக்ரோனிக்ஸ் எம்எக்ஸ்25எல்3233எஃப். இரண்டும் 32 மெகாபிட்தான். எட்டுக் கால் கொண்ட அந்தக் குட்டிச் சிப்பை மொபைல் கேமராவில் பெரிதாக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மேலே பொறித்திருந்ததைப் படித்தோம். மேக்ரோனிக்ஸ்.

எழுதத் தொடங்கியதும் டிஸ்ப்ளே அணைந்துவிட்டது. ஒரு பெண் பதறிவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை: ஜேடேக் கம்பிகள் ஃப்ளாஷை நேராகத் தொடுவதில்லை. விவாடோ முதலில் எஃப்பிஜிஏவுக்குள் ஒரு சின்ன உதவி வடிவமைப்பை இறக்கும்; அது ஒரு பக்கம் ஜேடேக்கையும் மறு பக்கம் ஃப்ளாஷையும் பிடித்துக்கொண்டு தரகர் வேலை பார்க்கும். அந்த நேரத்தில் நம் டோக்கன் காட்டி வெளியே. அழித்து, எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்த்து முடிய, டீ வாங்கி வரும் நேரம் ஆனது. சரிபார்ப்பு வெற்றி என்றது.

மின்சாரத்தை நிறுத்திப் போட்டோம். இருட்டு. டிஸ்ப்ளே இல்லை, டன் விளக்கும் இல்லை.

"சார், போச்சா?"

டன் எரியவில்லை என்றால் சிப்புக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். எங்கே தேடுகிறது? ஜம்பரைப் பார்த்தேன்: ஜேடேக் பக்கம் இருந்தது. காலையில் ஃப்ளாஷ் பக்கம்தானே இருந்தது? எழுதும் முன் ஒருவர் நகர்த்தியிருக்கிறார். ஆய்வகக் கையேட்டில் 'ப்ரோகிராம் செய்ய ஜம்பரை ஜேடேக்கில் வைக்கவும்' என்று அச்சடித்திருக்கிறதாம். இந்தப் போர்டில் அது தேவையே இல்லை. ஜம்பர் எங்கே இருந்தாலும் ஜேடேக் வழி திறந்தே இருக்கும். மின்சாரம் வந்ததும் சிப் தானாக எங்கே தேட வேண்டும் என்பதற்குத்தான் ஜம்பர். ஜேடேக்கில் வைத்தால் எங்கேயும் தேடாது, யாராவது அனுப்பும்வரை காத்திருக்கும்.

ஜம்பரை ஃப்ளாஷ் பக்கம் மாற்றி, மின்சாரம் போட்டோம். இருட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. ஒருவர் சுவிட்சை அணைத்துவிட்டார். மறுபடி போட்டார். மீண்டும் மூன்று நொடியில் கை சுவிட்சுக்குப் போனது. "கையை எடுப்பா" என்று கத்திவிட்டேன். எல்லோரும் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து, ஆறு. டன் எரிந்தது. 0000.

கணக்கு எளிது. ஒன்றும் சொல்லாவிட்டால் இந்தச் சிப் ஃப்ளாஷை நொடிக்குச் சுமார் 30 லட்சம் துடிப்பு வேகத்தில், துடிப்புக்கு ஒரு பிட்டாகப் படிக்கும். 1,75,36,096-ஐ 30,00,000-ஆல் வகுத்தால் 5.8 நொடி. உள் ஆசிலேட்டர் அவ்வளவு துல்லியமானதும் இல்லை, கொஞ்சம் கூடக் குறைய ஆகலாம். காலையில் மாதிரி வடிவமைப்பு சட்டென்று வந்ததால் இதுவும் சட்டென்று வரும் என்று எதிர்பார்த்துவிட்டார்கள். சிப்பின் எந்தக் கால் எதோடு இணைகிறது என்று விவாடோவுக்குச் சொல்ல டிஜிலென்ட் தரும் எக்ஸ்டிசி கோப்பிலேயே இதற்கு மூன்று வரி இருக்கிறது: வேகம் 33 மெகாஹெர்ட்ஸ், நான்கு கம்பியில் படி, பிட் ஃபைலைச் சுருக்கு. இவர்கள் கால்களின் பட்டியலை மட்டும் நகலெடுத்து, புரியாத வரிகளை வெட்டியிருந்தார்கள். மூன்றையும் சேர்த்துக் கம்பைல் செய்து எழுதினோம். வடிவமைப்பு சின்னது என்பதால் கோப்பும் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. சுவிட்சைப் போட்ட கையை எடுக்கும் முன்பே 0000 வந்து நின்றது.

கடைசியாக ஒன்று சேர்க்கச் சொன்னேன்: விழித்ததும் இரண்டு நொடிக்கு டிஸ்ப்ளே தன் கம்பைல் தேதியைக் காட்ட வேண்டும், நாளும் மாதமுமாக நான்கு இலக்கம். பிறகு 0000. எந்த வடிவமைப்பு உள்ளே இருக்கிறது என்று டன் விளக்கிடம் கேட்க வேண்டாமே. இரண்டு நொடி என்றால் 20,00,00,000 துடிப்பு. எழுதிக்கொண்டிருந்த மாணவர் பாதியில் நிறுத்தி, விரலில் எண்ணி, "28 பிட் வேணும்ல சார்?" என்றார். ஆமாம், 28.

போவதற்கு முன் ஜம்பர் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, 'நகர்த்தாதீர்' என்று பேனாவில் எழுதினார்கள். பத்து நாள் கழித்து வேறு குழுவிலிருந்து ஒரு அழைப்பு. போர்டு செத்துவிட்டதாம், எதுவும் எரியவில்லையாம். டேப் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஜேடேக்ல வைக்கணும்னு மேனுவல்ல இருந்துச்சு சார், பிச்சுட்டோம்."